வரவேண்டாம் என்று என் மகனுக்கு ஒரு தந்தி அடியுங்கள்

ஆம்பூர்
1928-ம் வருஷம் மார்ச்சு மாதம் 4-ந் தேதி, ஞாயிறு

பர்மா தேசம், பீகு ஜில்லா, ஞவுங்கோன் கிராமத்தில் நெல் சாகுபடி செய்து சீரோடு வாழ்ந்துவரும் கனம் பொருந்திய பச்சையப்பன் அவர்கள் சமுகத்துக்கு, ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப் மேஸ்திரி ரத்தினசாமி அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் சர்வேசுரன் கிருபையால் நானும் என் மனைவி சவுரியம்மாளும் உயிரோடு இருக்கிறோம். இந்த இடத்தில் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறையாம். ஈஸ்டருக்கு முன் வரும் இந்தத் தபசு காலத்தில் பொய் எழுதக் கூடாது என்று நிறுத்திக்கொண்டேன். அவ்விடம் தங்கள் சுகம், தங்கள் சம்சாரத்தின் சுகம், தங்கள் எருமைகளின் சுகம் இவற்றை அறிய ஆவல். எருமைகளை ஏன் கேட்கிறேன் என்றால், என் மகன் இருதயராஜ் இங்கே வந்த நாளாக எங்கள் சுகத்தை விட அவற்றின் சுகத்தைத்தான் அதிகம் பேசிக்கொண்டிருக்கிறான்.

கையெழுத்து கோணலாக இருப்பதைத் தாங்கள் மன்னிக்க வேண்டும். முன்பு அங்கே என் மகனுக்கு வந்த கடிதங்களெல்லாம் முத்து முத்தாக இருந்திருக்கும். அவை தபால் ஆபீசு வாசலில் உட்கார்ந்து ஊராருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் சம்பத்து எழுதியவை. அவனிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால் தபால் போய்ச் சேருவதற்கு முன்பே அது வாணியம்பாடி போய்ச் சேர்ந்துவிடும். இது ரகசியக் கடிதம். ஆகையால் கடுக்காய் மையைத் தொட்டு என் சொந்தக் கையாலேயே, போன ஞாயிற்றுக்கிழமை தொடங்கி எட்டு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு வண்டி ஆவாரம் பட்டையை இடித்துப் போட்டிருந்தால் கூட இவ்வளவு கை வலித்திருக்காது.

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ரங்கூன் கடையில் வேலை என்று கப்பல் ஏறினவன், அங்கிருந்து தங்கள் கிராமத்துக்கு எப்படியோ வந்து, தங்கள் எருமைக் கொட்டகையின் பாதியில் பள்ளிக்கூடம் வைத்து, சம்பளம் இல்லாமல் பாடம் சொல்லிக் கொடுத்து, நாளுக்கு ஒரு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்தான். வந்தவன் இங்கேயே தங்குவான், கல்யாணம் பண்ணிக்கொள்வான் என்று இருந்தேன். இப்போது ஈஸ்டர் திருநாள் முடிந்த அடுத்த சனிக்கிழமை, ஏப்ரல் 14-ந் தேதி, மதராசில் கப்பல் ஏறி மறுபடியும் அதே கொட்டகைக்கு வரப்போகிறானாம். சீட்டு வாங்கிவிட்டான். எனக்கு இருப்பது ஒரே மகன். ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன், "பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது, வரவேண்டாம்" என்று ஒரு தந்தி அடிக்கும்படி தங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன். காரணம் தாங்கள் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். கூரை காற்றில் போய்விட்டது என்று சொல்லலாம். எருமைகள் பெருகிவிட்டன என்று சொல்லலாம். பிள்ளைகள் எல்லாரும் எல்லாப் பாடத்தையும் படித்து முடித்துவிட்டார்கள், இனிப் படிக்க ஒன்றும் பாக்கி இல்லை என்று சொன்னாலும் எனக்குச் சம்மதமே.

நான் ஏன் இப்படி மன்றாடுகிறேன் என்று தாங்கள் கேட்கலாம். பிள்ளையை எங்களிடம் எந்த நிலையில் திருப்பி அனுப்பினீர்கள் என்று நான் கேட்கிறேன். ரங்கூனிலிருந்து வருகிறவர்களை நான் பார்க்காதவனா? பட்டு லுங்கி, பூட்டுப் போட்ட டிரங்குப் பெட்டி, ஒரு குடை, கையில் ஒரு கடிகாரம், இவ்வளவாவது இல்லாமல் ஒருவனும் இந்த ஸ்டேஷனில் இறங்கினதில்லை. எங்கள் தெருவே ரயிலடிக்கு வந்திருந்தது. இவன் ஒரு ஓலைத் தொப்பியும், கக்கத்தில் ஒரு மண் பானையுமாக இறங்கினான். பானையைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன், அதை இப்போதே எழுதினால் எனக்கு மூச்சு முட்டுகிறது. வீட்டுக்கு வந்து சாப்பிட்ட முதல் நாளே தன் தட்டைத் தானே கழுவினான். மறுநாள் "அம்மா நீ குந்து" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டான். பெண்பிள்ளைகள் எல்லாம் வழி விட்டு நின்று பார்த்தார்களாம். பக்கத்து வீட்டு அஜீஸுன்னிசா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "இன்னா மேஸ்திரி, புள்ளைக்கு ரங்கூன்ல சட்டி கழுவுற வேலையா? வாத்தியாருன்னு சொன்னீங்களே," என்று கேட்டாள். ஊறல் தொட்டியில் ஒரு கை உப்பு போடட்டுமா என்று என்னைக் கேட்டுக்கொண்டு முப்பது பேர் நிற்கிறார்கள், என் மகன் குடம் தூக்குகிறான்.

இப்போது பானை. தாங்களும் தங்கள் சம்சாரமும் அன்போடு கொடுத்தனுப்பினது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்புக்கு என் நமஸ்காரம். ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா? இவன் கோயிலில் பூசைக்குப் போயிருந்த நேரம். மெழுகு போட்டு மூடியிருந்த பானை வாயைத் திறந்தேன். ஐயா, நான் முப்பத்தொரு வருஷமாகத் தோல் ஷாப்பில் இருக்கிறவன். சுண்ணாம்பில் ஊறி மயிர் எடுத்த ஆட்டுத் தோலை, பட்டைத் தண்ணீருக்கு அனுப்புமுன், கோழி எச்சமும் தவிடும் புளித்த தொட்டியில் போட்டு மெதுவாக்குகிறவர்கள் நாங்கள். அந்தத் தொட்டி பதமாகிவிட்டதா என்று மூக்கினாலேயே சொல்லுகிற மேஸ்திரி இந்த ஆம்பூரில் இரண்டு பேர், ஒருவன் நான், மற்றவன் செத்துப்போனான். அப்பேர்ப்பட்ட என் மூக்கில் அந்த வாசனை ஏறினதும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. இது தோலை மெதுவாக்குகிற சீமை மருந்து! தோல் வேலையே வேண்டாம் என்று கப்பல் ஏறினவன், அப்பன் தொழிலை மறக்காமல் எங்கோ தேடிப் பிடித்து வாங்கி வந்திருக்கிறான். உண்மையைச் சொல்கிறேன், என் கண் கலங்கிவிட்டது. வாசனையினால் என்று சவுரியம்மாள் சொல்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்!

அவன் பூசையிலிருந்து வருமுன்பே பானையைத் தூக்கிக்கொண்டு ஷாப்புக்கு ஓடினேன். முதலாளி நிசார் அஹமது சாயபு விரலால் தொட்டு முகர்ந்து பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, "அரே மேஸ்திரி, ஜாஸ்தி தேஜா, காட்டமா இருக்குது. இது அசல் சரக்கு. ஒம் புள்ளைய நான் என்னமோன்னு நெனச்சேன். அவன நம்ம ஷாப்புல கிளார்க்கா வச்சிக்கிறேன், நாளைக்கே கூட்டியா," என்றார். நான் கும்பிட்டேன். எண்பது முதல் தர ஆட்டுத் தோல் போட்டிருந்த தொட்டியில் பானையைக் கவிழ்த்தோம். அடியில் ஒரு கை மட்டும் மாதிரிக்கென்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஷாப் கதவைத் திறக்க முடியவில்லை. பூனைகள். இந்த ஊரில் இத்தனை பூனை இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. பாலாற்றுக்கு அக்கரையிலிருந்தும் வந்திருந்தன என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கூரை மேல் காக்காயும் பருந்தும் தனியாக. எண்பது தோலில் முழுசாகக் கிடைத்தது பதினொன்று. மீதி தெருத் தெருவாக இழுபட்டுக் கிடந்தது. பெரிய மசூதி வாசலில் கூட ஒரு துண்டு கிடந்ததாம். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது இருதயராஜ் ஓடி வந்தான். காலியான பானையைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நைனா, இன்னா பண்ணிட்டே! அது நப்பி. மீன் தொவையலு. சோத்துக்குத் தொட்டுக்கறது," என்றான்.

ஐயா, அதைச் சோற்றோடு சாப்பிடுகிறீர்களா? நான் தங்களைக் குறை சொல்லவில்லை. சாப்பிடுங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள். ஆனால் என் மகன் மூன்று வருஷமாக அதைச் சாப்பிட்டிருக்கிறானே! கிளார்க்கு வேலைப் பேச்சு அன்றோடு போய்விட்டது. சாயபு நல்ல மனுஷர், ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்ததோடு விட்டார். ஆனால் "பூனை மேஸ்திரி" என்ற பெயர் எனக்கு நிலைத்துவிட்டது.

இதற்குப் பரிகாரம் பண்ணுகிறேன் என்று இருதயராஜ் சொன்னபோதே நான் தடுத்திருக்க வேண்டும். தோல் உலர்த்தும் கொட்டகையில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஆட்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தான். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் எழுதுவான். நரைத்த தலையெல்லாம் குந்திக்கொண்டு அதன் மேல் விரலை ஓட்டும். நான் மேஸ்திரி என்ற முறையில், ஒழுங்கு பார்க்கத்தான், கடைசியில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் கண்ணில் எழுத்து விழத்தானே செய்யும்? அதற்கு நான் பொறுப்பில்லை. எனக்குக் கூழ் கொண்டுவரும் சவுரியம்மாளும் வகுப்பு முடியும் வரை தூணோரம் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாள்.

ஆறாவது வாரம் வினை வந்தது. எங்கள் ஷாப் சுவரில் ஒரு பலகை உண்டு. சாயபுவின் அப்பா காலத்தில் மாட்டினது. அதன் ஆணியில், நான் மேஸ்திரியான இந்தப் பதினோரு வருஷமாக, நாங்கள் சட்டை மாட்டி வந்தோம். ஒருநாள் சுண்ணாம்புத் தொட்டி ஆள் வீரபாகு சட்டையை எடுத்தவன் அப்படியே நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தான். "சாப்பாட்டு நேரம் பன்னிரண்டு மணி முதல் ஒரு மணி வரை" என்று எழுதியிருந்தது. பன்னிரண்டரைக்கு மணி அடித்து அவர்களை எழுப்பிவிடுகிறவன் நான். எனக்கு முன்னிருந்த மேஸ்திரி அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனான். முப்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னா மேஸ்திரி, பதினோரு வருசமா எங்க சோத்துல பாதிய நீயா எடுத்துக்கினே?" என்று வீரபாகு கேட்டான். சாயபுவிடம் ஓடினேன். அவர், "எனக்கு உருதுதான் படிக்கத் தெரியும். நீ படிச்சிட்டுத்தான் மணி அடிக்கிறேன்னு இருந்தேன். பலகைல அப்பாஜான் எழுதி வச்சிருந்தா அது அப்பாஜான் வாக்கு, ஒரு மணிக்கே அடி," என்று சொல்லிவிட்டார். ஆக, தங்கள் ஊர் வாத்தியாரால் இப்போது ஷாப்பில் தினம் அரை மணி வேலை கம்மி, வகுப்பு மட்டும் அரை மணி ஜாஸ்தி. என்னைப் பார்த்தால் வீரபாகு பலகையைப் பார்க்கிறான்.

கல்யாணமாவது பண்ணி வைத்துவிட்டால் கால் நிற்கும் என்று காட்பாடியில் ஒரு பெண் பார்த்தேன். செண்பகம் என்று பெயர். தகப்பனார் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன், நல்ல குடும்பம். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்துவிட்டு அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாள். தபசு காலம் தொடங்குமுன் போய்ப் பார்த்துவிடலாம் என்று கூட்டிப் போனேன். ரயிலில் போகும்போதே இவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பர்மாவைப் பற்றிக் கேட்டால் பச்சைப் பசேல் என்று இருக்கும் என்று மட்டும் சொல், நிறுத்திக்கொள் என்றேன். பெண்ணின் தகப்பனார் கேட்டார். இவன் பச்சைப் பசேல் என்று இருக்கும் என்றான். சந்தோஷப்பட்டேன். நிறுத்தவில்லை. மழை பிடித்தால் நான்கு மாதம் விடாது, அட்டை கணுக்காலில் ஏறும், பள்ளிக்கூடத்துக்கும் எருமைகளுக்கும் நடுவில் இருப்பது ஒரு மூங்கில் தட்டி, வாய்ப்பாடு சொல்லும்போது அவையும் சேர்ந்து கத்தும், சம்பளம் என்று ஒன்றும் கிடையாது, கட்டிக்கொள்கிறவளுக்கு இது முன்கூட்டியே தெரியவேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னான். காபி வருவதற்குள் பெண்ணின் தகப்பனாருக்குச் சிக்னல் வேலை வந்துவிட்டது. திரும்பி வர ரயில் ஏறினோம். அவன் சன்னலோரம் உட்கார்ந்து, "அந்தப் பொண்ணு கதவாண்ட நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்தது நைனா," என்றான். கேட்டிருப்பாள். கேட்டுப் பயந்திருப்பாள்.

கடைசியாக எங்கள் கோயில் சுவாமியாரிடம் போனேன். ஊதாரிப் பிள்ளை தகப்பன் வீடு திரும்பின கதையை ஞாயிறு பூசையில் பிரசங்கம் வையுங்கள், என் மகன் முன் வரிசையில் இருப்பான் என்று சொல்லி வைத்தேன். அவரும் வைத்தார். பாதி வரை பிரமாதமாக இருந்தது. பாதிக்கு மேல், திரும்பி வந்த பிள்ளையை விடப் புறப்பட்டுப் போகிற பிள்ளை பெரியவன் என்று திருப்பிவிட்டு, பர்மாவில் இருக்கும் நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் பலகையும் சிலேட்டும் வாங்க உண்டியல் பிடித்துவிட்டார். சவுரியம்மாள் காதிலிருந்த கம்மலைக் கழற்றிப் போட்டாள். நான் செய்த ஏற்பாட்டில் நானே மாட்டிக்கொண்டு, ஊரெல்லாம் பார்க்க, நானும் போட்டேன்.

ஏன்டா போகிறாய் என்று நேராகவே ஒருநாள் கேட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாமல், "வர்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன் நைனா," என்றான். அவ்வளவுதான். இதற்கு மேல் இவனோடு எப்படி வழக்காடுவது?

இன்னொன்றும் தங்களிடம் மறைக்கக் கூடாது. பத்து நாளுக்கு முன் தங்கள் ஊர்ப் பிள்ளைகள் அவனுக்குப் போட்ட கடுதாசி வந்தது. தபால்காரன் என்னிடம் கொடுத்தான். நான் அதைக் கடுக்காய் மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். எழுத்து பழகுவதற்காக மட்டும் மூன்று தரம் வாசித்தேன். "வாத்தியார் எப்ப வருவீங்க, எருமை கன்னு போட்டது, நாங்க ஆறாம் வாய்ப்பாடு மறந்துட்டோம்" என்று எழுதி, கீழே இருபத்திரண்டு பேர் தங்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதியிருந்தார்கள். ஐயா, தங்களுக்கு அங்கே இருபத்திரண்டு பிள்ளைகள். எனக்கு ஒன்று. அவன் போன மூன்று வருஷமும் மழை பெய்தால் அங்கே கூரை ஒழுகுமே என்று எழுந்து உட்காருவேன். எனக்கு ஐம்பத்தேழு வயதாகிறது. இன்னொரு மூன்று வருஷத்தை அப்படி உட்கார்ந்து கழிக்க என்னால் ஆகாது. அதனால்தான் தந்தி கேட்கிறேன், கோபத்தினால் அல்ல.

தங்கள் வயலில் நெல் விளையவும், எருமைகள் கன்றும் பாலுமாக இருக்கவும், தங்கள் கூரை ஒழுகாமலிருக்கவும் தேவமாதாவை வேண்டிக்கொள்கிறேன். தங்கள் சம்சாரத்துக்கு என் நமஸ்காரம் சொல்லவும். தயவுசெய்து பானை எதுவும் அனுப்பவேண்டாம். கையெல்லாம் மையாக இருப்பதால் இந்தக் கடிதத்தை உறையில் போட்டுக் கஞ்சிப் பசையால் ஒட்டும்படி சவுரியம்மாளிடம் கொடுக்கிறேன். அவளுக்கு எழுத்து வாசனையே கிடையாது, ஆகவே ரகசியம் பத்திரம்.

இப்படிக்கு,
தங்கள் தந்தியை எதிர்பார்த்திருக்கும்
ரத்தினசாமி மேஸ்திரி

பின்குறிப்பு:

ஐயாவுக்கு சவுரியம்மாள் எழுதுவது. ஒட்டச் சொல்லிக் கொடுத்தார். பசை ஆறுவதற்குள் வாசித்தேன். தூணோரம் உட்கார்ந்து நான் கொட்டாவி மட்டும் விடவில்லை.

தந்தி அடிக்கவேண்டாம். பையன் வருவான். பிள்ளைகளுடைய கடுதாசியை நான் மூட்டைக்கு அடியிலிருந்து எடுத்து அன்றைக்கே அவனிடம் காட்டிவிட்டேன். அவனும் வாசித்துவிட்டு அப்பன் வைத்த இடத்திலேயே வைத்துவிட்டான். ஆறாம் வாய்ப்பாட்டை இங்கேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

காட்பாடிப் பெண் எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறாள். அந்த ஊரில் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆள் உண்டா என்று கேட்கிறாள். நீங்கள் பதில் எழுதுங்கள். அவள் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாதிரிக்கு என்று இவர் வைத்த ஒரு கை துவையலை நான் கேழ்வரகுக் களிக்குத் தொட்டுச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. இன்னொரு பானை அனுப்பவும். இந்தத் தரம் பானை மேல் துவையல் என்று எழுதி அனுப்பவும். இப்போது இந்த வீட்டில் எல்லாருக்கும் வாசிக்கத் தெரியும்.

பிள்ளையை அனுப்ப எனக்கும் மனசு இல்லை ஐயா. இவர் எழுந்து உட்காருகிற மழையில் நானும் முழித்துத்தான் கிடப்பேன். ஆனால் இந்த எட்டு நாளும் இவரைப் பார்த்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். அவன் சொல்லிக் கொடுத்த எழுத்தை வைத்துத்தான் அவனைத் தடுக்க எழுதுகிறோம் என்று இவருக்குத் தோன்றவே இல்லை. முப்பது வருஷத்தில் இவர் இத்தனை பேச்சு பேசி நான் கேட்டதில்லை. பையன் பக்கத்திலேயே இருந்துவிட்டால் இவர் யாருக்குக் கடுதாசி எழுதுவார்? நான் யாருக்கு எழுதுவேன்?

சவுரியம்மாள்
சொந்தக் கை